காசு இருந்தும் வாங்க முடியாத ரொறன்ரோ

எங்கள் நகரத்தில் நடக்கிற வீடியோ கேம் ஒன்று இருக்கிறது. பெயர் 'ஸ்கொட் பில்கிரிம் வெர்சஸ் த வேர்ல்ட்: த கேம்'. பனி கொட்டிக் கிடக்கும் ரொறன்ரோத் தெருவில் முதல் கட்டம் தொடங்கும். அதன் முடிவில் வரும் முதலாவது வில்லன் பெயர் மத்தியூ பட்டேல். பிரையன் லீ ஓ'மலி 2004 முதல் 2010 வரை வெளியிட்ட காமிக் தொடர்தான் இதற்கு மூலம். அதைப் படமாகவும் எடுத்தார்கள், அதுவும் இங்கேதான்.

இந்தக் கேம் 2010 ஓகஸ்டில் பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பொக்ஸ் 360க்கும் வந்தது. டிஸ்க் கிடையாது, பெட்டி கிடையாது. கொன்சோலுக்குள் இருக்கும் இணையக் கடையில் வாங்கித் தரவிறக்க வேண்டும். 2014 டிசம்பரில் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். உரிமம் முடிந்ததுதான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் வைத்திருக்கலாம். மற்றவர்கள் கையில் காசும் கொன்சோலும் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆறு வருடம் கழித்து, 2021 ஜனவரியில், ரசிகர்கள் விடாமல் கேட்டுக் கேட்டே அது திரும்பி வந்தது. ஆனால் வந்தது புதிய கொன்சோல்களுக்கு.

இந்தப் பதிவு அந்த மாதிரிக் கேம்களைப் பற்றியது. ஒரு பழைய கொன்சோலில் இன்றைக்கு ஒரு கேமை வாங்கிப் போடுவது ஏன் இவ்வளவு கரைச்சல்? 'வாங்குவது' என்ற சொல்லின் அர்த்தம் எப்போது மாறியது? நாங்கள் கவனிக்காத ஒரு இருபது வருட வரலாறு இது.

செருகினால் ஓடிய காலம்

1983க்குப் பிறகு எங்கள் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கனடா வரத் தொடங்கின. அதே காலத்தில்தான் வீடியோ கேமும் வட அமெரிக்க வீடுகளுக்குள் இரண்டாம் முறையாக நுழைந்தது. நின்டெண்டோவின் முதல் கொன்சோல் 1985இல் வந்தது. சூப்பர் நின்டெண்டோ 1991, நின்டெண்டோ 64 1996. உங்கள் மாமாமாரையோ சித்தப்பாமாரையோ கேட்டுப் பாருங்கள். ஸ்காபரோ பேஸ்மெண்ட் ஒன்றில் நாலைந்து பெடியள் ஒரு ரிவிக்கு முன்னால் குந்தியிருந்து, முறை வைத்து விளையாடிய கதை ஒன்றாவது வரும்.

அப்போது 'இன்ஸ்டோல்' என்ற வேலையே இல்லை. காட்ரிஜைச் செருகி, பட்டனை அழுத்தினால் ஓடும். ஓடாவிட்டால் வெளியே எடுத்து வாயால் ஊதுவார்கள். (ஊதினதால் ஓடவில்லை, திரும்பச் செருகினதால்தான் ஓடியது. வாயின் ஈரம் உலோகத் தொடுமுனைகளுக்குக் கூடாது என்று நின்டெண்டோவே எச்சரித்தது.)

அந்தக் காலத்திலும் கரைச்சல் இல்லாமல் இல்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு விசேஷக் கரைச்சல் இருந்தது. பெரியப்பா லண்டனில், மாமி பாரிஸில், நாங்கள் ரொறன்ரோவில். ஐரோப்பாவின் ரிவி முறை வேறு, வட அமெரிக்காவின் ரிவி முறை வேறு. அங்கே படம் ஒரு விநாடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படும், இங்கே 60 தடவை. அதற்கு மேல் கம்பனிகள் கொன்சோலுக்குள்ளேயே பிராந்தியப் பூட்டும் போட்டன. லண்டனில் வாங்கிய பிளேஸ்டேஷன் 2 கேமை இங்குள்ள பிளேஸ்டேஷன் 2இல் போட்டால் ஓடாது. மச்சான் ஆசையாய்க் கொண்டுவந்த டிஸ்க் சூட்கேஸிலேயே திரும்பிப் போகும். எங்கள் ஆட்களுக்கு மட்டுமல்ல, கேமுக்கும் விசா தேவைப்பட்டது.

ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. காட்ரிஜோ டிஸ்க்கோ உங்கள் கையில் இருக்கிற வரைக்கும் அது உங்களுடையது. இரவல் கொடுக்கலாம். விற்கலாம். அண்ணா வளர்ந்து யூனிவர்சிற்றி போனதும் தம்பிக்கு வரும். கடை பூட்டினாலும் கேம் ஓடும்.

கடை வீட்டுக்குள் வந்தது

2005 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் 360 வந்தது. அடுத்த வருட நவம்பரில் பிளேஸ்டேஷன் 3உம் வீயும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன. மூன்றிலும் புதிதாக ஒன்று இருந்தது: கொன்சோலுக்குள்ளேயே ஒரு கடை.

அந்தக் கடைகளின் ஆரம்பம் மிகச் சிறியது. எக்ஸ்பொக்ஸ் 360இன் மலிவான பதிப்பில் ஹாட் டிஸ்க்கே இல்லை. 64 மெகாபைட் நினைவக அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காக, தரவிறக்கும் கேம் ஒவ்வொன்றும் 50 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்று முதலில் விதித்தார்கள். இன்றைக்கு உங்கள் ஃபோனில் நீங்கள் எடுக்கும் ஒரு சின்ன வீடியோ அதைவிடப் பெரியது. வீயின் உள்நினைவகம் மொத்தமே 512 மெகாபைட். மைக்ரோசொஃப்டும் நின்டெண்டோவும் டொலரில் நேரே வாங்கவும் விடவில்லை, 'பொயின்ற்' வாங்க வேண்டும். மைக்ரோசொஃப்டில் 80 பொயின்ற் ஒரு அமெரிக்க டொலர், நின்டெண்டோவில் 100 பொயின்ற் ஒரு டொலர். மிச்சப் பொயின்ற் கணக்கிலேயே கிடக்கும்.

இந்தக் கடைகளைக் குறை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. ஏனென்றால் ரொறன்ரோவின் கேம் வரலாறு இவற்றால்தான் எழுந்தது. டிஸ்க் அச்சடித்துப் பெட்டி போட்டு நாடு நாடாக அனுப்ப ஒரு சின்னக் குழுவிடம் காசு இருக்காது. இணையக் கடையில் அந்தச் செலவு இல்லை. அதனால் எங்கள் நகரத்தில் சின்னச் சின்னக் குழுக்கள் உலகம் முழுக்க விற்கத் தொடங்கின.

2007 ஒக்ரோபரில் ரொறன்ரோவைச் சேர்ந்த ஜொனதன் மாக், ஏறக்குறைய தனியொருவராகச் செய்த 'எவ்ரிடே ஷூட்டர்' பிளேஸ்டேஷன் 3இல் வந்தது. அதன் கிட்டார் இசையும் அவருடையதே. 2008 பெப்ரவரியில் மெட்டாநெட் குழுவின் 'என் பிளஸ்' எக்ஸ்பொக்ஸ் 360இல் வந்தது. 2009இல் காபிபாராவின் 'கிரிட்டர் கிரஞ்ச்'. 2011 பெப்ரவரியில் டிரிங்க்பொக்ஸ் என்ற புதிய ரொறன்ரோ ஸ்டூடியோ தன் முதல் கேமை வெளியிட்டது. பெயர் 'டேல்ஸ் ஃப்ரம் ஸ்பேஸ்: அபவுட் எ ப்ளொப்'. கண்டதையெல்லாம் விழுங்கி வளரும் ஒரு கூழ் உருண்டைதான் கதாநாயகன். இதே ஸ்டூடியோதான் 2013இல் 'குவாக்கமீலி' செய்து உலகப் புகழ் பெற்றது.

'குவாக்கமீலி' பின்னர் புதிய கொன்சோல்களுக்கும் வந்தது. 'எவ்ரிடே ஷூட்டர்' கணினிக்கும் வந்தது. ஆனால் அந்தக் கூழ் உருண்டையின் முதல் கேம் வேறெந்தக் கொன்சோலுக்கும் வரவில்லை. பிளேஸ்டேஷன் 3இன் கடைதான் அதற்கு இருந்த ஒரே வாசல்.

வாசல் எப்படி மூடுகிறது

ஒரு இணையக் கடை ஒரே நாளில் மூடுவதில்லை. முதலில் காசு போகும் வழி அடைபடும், பிறகு கடை அடைபடும். எப்போதாவது ஒரு நாள், வாங்கியதைத் திரும்ப இறக்கும் வழியும் அடைபடலாம். மூன்று கம்பனிகளும் ஏறக்குறைய இந்த வரிசையிலேயே நடந்தன.

நின்டெண்டோ 2018 மார்ச்சில் வீ கடையில் பொயின்ற் சேர்ப்பதை நிறுத்தியது. 2019 ஜனவரி 30ஆம் திகதி கடையை மூடியது. அடுத்தது 3டிஎஸ், வீ யூ. 2022 மே மாதத்தில் கடனட்டையால் காசு போடுவது நின்றது. ஓகஸ்டில் பரிசு அட்டையாலும் போட முடியாமல் போனது. 2023 மார்ச் 27ஆம் திகதி விற்பனை முடிந்தது. மைக்ரோசொஃப்ட் எக்ஸ்பொக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29ஆம் திகதி மூடியது. இவை எல்லாவற்றிலும், மூடும்போது, முன்பே வாங்கியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். எத்தனை வருடத்துக்கு என்று வாக்குக் கொடுக்கவில்லை.

சோனியின் கதை கொஞ்சம் வேறு. 2020 ஒக்ரோபரில் தன் இணையத்தளத்தில் பிளேஸ்டேஷன் 3 கேம்கள் விற்பதை நிறுத்தியது. இனி கொன்சோலுக்குள் போய்த்தான் வாங்க வேண்டும். 2021 மார்ச்சில், அந்தக் கடையையே ஜூலையில் மூடப்போவதாக அறிவித்தது. கூழ் உருண்டைக்கு இருந்த ஒரே வாசலும் மூடப்போகிறது! விளையாடுபவர்களும் கேம் செய்பவர்களும் எழுப்பிய சத்தத்தில், ஏப்ரல் 19ஆம் திகதி, எடுத்த முடிவு பிழை என்று ஒப்புக்கொண்டு, பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகள் தொடரும் என்று சொன்னது. ஆனால் அதே வருட ஒக்ரோபரில், அந்தக் கொன்சோல்களில் கடனட்டையால் நேரே வாங்கும் வசதியை எடுத்துவிட்டது. வேறு வழியில் கணக்கில் காசைப் போட்டுவிட்டு, பிறகு பழைய கொன்சோலுக்கு வந்து வாங்க வேண்டும்.

கடை திறந்துதான் இருக்கிறது. ஆனால் போகும் பாதையில் முள்வேலி.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம்

இதெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும்? என் சித்தியின் மகனுக்கு 13 வயது. தெரிந்த வீடொன்றில் இருந்து ஒரு பழைய கொன்சோல் கொண்டுவந்தான். இருவரும் ஒரேயொரு கேமை வாங்கிப் போடலாம் என்று இருந்தோம். எந்தக் கம்பனியின் கொன்சோல் என்று சொல்லத் தேவையில்லை, பழைய கொன்சோல்கள் பலவற்றில் இதே படலம்தான்.

வீட்டு வைஃபையை அது காணவேயில்லை. புதிய ரூட்டரின் அலைவரிசையும் பாதுகாப்பு முறையும் அந்தக் கொன்சோல் பிறந்தபோது இல்லாதவை. அலுமாரியின் அடியில் இருந்து ஒரு கேபிளைத் தேடி எடுத்து இணைத்தோம். பிறகு, பாதுகாப்பான தொடர்பு கிடைக்கவில்லை என்றது. உள்ளே இருந்த சின்ன மின்கலம் செத்துப்போய், அதன் திகதி பல வருடம் பின்னால் நின்றது. இணையத்தில் ஒவ்வொரு சேவையின் அடையாளச் சான்றுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கொன்சோலின் நாட்காட்டி பிழை என்றால், சரியான சான்றையும் அது நம்பாது. திகதியைத் திருத்தினோம். அப்டேட் கேட்டது. கொடுத்தோம்.

கொன்ட்ரோலரால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து கடவுச்சொல்லை அடித்தான். ஏற்கவில்லை. ஃபோனுக்கு வரும் இரண்டாவது குறியீட்டைக் கேட்கப் பழைய கொன்சோலுக்குத் தெரியாது. அதற்கென்று தனியாக ஒரு கடவுச்சொல்லை இணையத்தளத்தில் உருவாக்க வேண்டும். அதையும் செய்தோம். கடைக்குள் போனோம். கார்டை எடுக்கவில்லை. லண்டன் மாமா பிறந்தநாளுக்கு அனுப்பிய பரிசு அட்டையைப் போட்டான். வேறு நாட்டு அட்டை என்று திருப்பியது. கேமின் பிராந்தியப் பூட்டுப் போனாலும், காசின் பிராந்தியப் பூட்டுப் போகவில்லை. பக்கத்துக் கடையில் போய்க் கனடா அட்டை வாங்கி வந்தோம்.

வாங்கியாயிற்று. மெல்ல இறங்கியது. இறங்கி முடிந்ததும் இடம் போதாது என்றது. இறக்கிய கோப்புக்கு ஒரு இடம், அதை விரித்துப் பதிய இன்னொரு இடம் என்று ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் வேண்டும். யாருடையதோ பழைய கோப்புகளை அழித்தோம். ஐந்து மணிக்குத் தொடங்கிய வேலை, ஒன்பதரைக்குக் கேம் ஓடியது.

அவன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "அக்கா, இது என்ட காசுதானே? வாங்கினாப் பிறகும் ஏன் இவ்வளவு கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டிக் கிடக்கு?"

யாருடைய கேம்?

சட்டத்தின் பதில் இதுதான்: அவன் வாங்கியது கேமை அல்ல, அதை விளையாடும் அனுமதியை. நாங்கள் வாசிக்காமல் 'சம்மதம்' அழுத்தும் நீண்ட ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கும். இதை மக்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விற்பது அனுமதி மட்டும்தான் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று பட்டன் போடக் கூடாது. 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

கனடாவில், 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தம் மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்தது. 2017இல், பூட்டை உடைக்கும் கருவிகளை விற்ற ஒன்ராறியோக் கடை ஒன்று நின்டெண்டோவுக்கு 12 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில், பழுதுபார்ப்பதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்று சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. கொன்சோலைத் திருத்த வழி வந்தது. மூடிய கடையின் கேமை மீட்க வழி வரவில்லை.

இதனால் உண்மையில் என்ன குறைகிறது? 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 வீதமானவை இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அது காட்டியது.

எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பிரான்ட்ஃபோர்டில் தனிக் கணினி அருங்காட்சியகம் ஒன்றை நடத்திய சிட் போல்ற்றன் 2018இல் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஏறக்குறைய 14,000 கேம்களும், ஆயிரக்கணக்கான கேம் சஞ்சிகைகளும், நூற்றுக்கு மேற்பட்ட கொன்சோல்களும் இன்று ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாக நூலகத்தில் இருக்கின்றன. மாணவர்களும் ஆய்வாளர்களும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

அவருடைய சேகரிப்பு ஏன் பிழைத்தது? அவை பொருட்கள். பெட்டியில் கட்டித் தூக்கிக் கொடுக்க முடிந்தது. ஒரு இணையக் கடைக் கணக்கை அப்படிக் கொடுக்க முடியாது. கணக்கு ஒருவருக்கு மட்டும், மாற்ற முடியாது என்று ஒப்பந்தம் சொல்லும். டிஸ்க் இல்லாமல் வந்த ரொறன்ரோக் கேம்களை எதிர்காலத்தில் ஒருவர் நூலகத்துக்குக் கொடுக்க நினைத்தால், எதைக் கொடுப்பார்?

எங்களுக்குத் தெரிந்த பாடம்

இந்தக் கேள்வி எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. ஒரு கேம் கடை மூடுவதை நான் அதோடு ஒப்பிடவில்லை. அது வன்முறை, இது வியாபாரம். ஆனால் ஒரேயொரு பிரதி ஒரேயொரு இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பெற்றோருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் பிரதி எடுத்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்ததும் அந்தப் பாடத்தில் இருந்துதான். ஒரு பள்ளி மலருக்கும் கோயில் மலருக்கும்கூட அங்கே இடம் உண்டு. 'இதெல்லாம் ஒரு பொருளா' என்று யாரும் ஒதுக்கவில்லை.

கேமும் அப்படித்தான். 2007இல் ரொறன்ரோவில் ஒருவர் தனியே இருந்து என்ன செய்தார், 2010இல் எங்கள் நகரம் ஒரு கேமுக்குள் எப்படித் தெரிந்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு ஒன்று வேண்டும். அதை நினைவில் இருந்து சொல்லி மட்டும் காட்ட முடியாது. விளையாடிக் காட்ட வேண்டும்.

உங்களால் செய்யக்கூடியவை சின்ன வேலைகள்தான். பழைய கொன்சோலை விற்க முன், அதில் என்ன கேம் இறக்கியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடையில் இப்போது இல்லாத கேம் அதில் இருந்தால், அழிக்க வேண்டாம். அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் திறந்தது என்று அண்ணாவிடமோ அக்காவிடமோ கேட்டுக் குறித்து வையுங்கள், பாதிப் பேருக்கு அது மறந்துபோயிருக்கும். முன்பு வாங்கியவற்றை, இறக்க முடிகிற காலத்திலேயே இறக்கிவிடுங்கள். சார்ஜரையும் கேபிளையும் எறியாதீர்கள். டிஸ்க்கும் காட்ரிஜும் இருந்தால் பேஸ்மெண்டின் ஈரத்தில் இருந்து எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

பார்த்துவிட்டு என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். 2011இன் அந்தக் கூழ் உருண்டை யாருடைய கொன்சோலிலாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். என் சித்தி மகன் உங்கள் வீட்டுக்கு வந்து விளையாடத் தயாராக இருக்கிறான்.